ஜாக்கியை எங்கே வைத்தார் என்று முதலில் கேளுங்கள்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்சக்கரப் பக்கம் 'கடக்' என்கிறது, சக்கரத்தை ஆட்டிப் பார்த்த மெக்கானிக் பால் ஜாயின்ட் (கிண்ணத்துக்குள் பந்து திரும்பும் மூட்டு, சக்கரப் பக்கத்தை ஆர்மோடு இணைப்பது) நன்றாக இருக்கிறது என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாக்கியை எங்கே வைத்து ஆட்டினார் என்று தெரியாமல் நம்பாதீர்கள்.

இதையே சொல்லித்தான் என் வண்டிக்கு இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. என்னுடையது முன்பக்கம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) உள்ள வண்டி. சுருள் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும். பட்டறையில் சேஸிஸைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு ஆட்டினார்கள். தொங்கும்போதும் ஸ்பிரிங் அந்த ஆர்மை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். தேய்ந்த பந்து கிண்ணத்தின் ஒரு பக்கமாக இறுகிக்கொள்ளும். ஆட்டம் கைக்குத் தெரியாது.

நான் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயின்டை ஒட்டினாற்போல ஜாக்கி கொடுத்துத் தூக்கினேன். பாதுகாப்புக்குச் சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு. டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பியதும், ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரம் பொருந்தியிருக்கும் இரும்புத் துண்டு) நடுவே இடைவெளி திறந்து மூடுவது கண்ணுக்கே தெரிந்தது. ரப்பர் உறை ஓரத்தில் கிழிந்து, கிரீஸ் துருவோடு கலந்து செம்மண் குழம்பாக வழிந்திருந்தது. இடைவெளி மூடும்போதெல்லாம் அதே 'கடக்'.

உங்களுடையது பெரும்பாலான சிறிய கார்களைப் போல மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக, மேல் ஆர்ம் இல்லாமல் இருப்பது) என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் பாரத்தைத் தாங்குவது ஸ்ட்ரட். கீழே உள்ள பால் ஜாயின்ட் அல்ல. ஆகவே அங்கே வண்டியின் உடலைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிடுவதுதான் சரி. ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையே கம்பியைக் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் உறையைக் குத்திவிடாதீர்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்கைச் சந்தேகியுங்கள். நிற்காவிட்டால் பால் ஜாயின்டை. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் எண்டை (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு) பாருங்கள்.

மெக்கானிக்குகளை நான் குறை சொல்வதாக யாராவது வரிந்துகட்டிக்கொண்டு வரலாம். நல்ல மெக்கானிக் இதைப் படித்தால் தலையாட்டத்தான் செய்வார். 'கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு' என்பார்கள். சில வகைகளில் உண்மைதான். ஆனால் எவ்வளவு என்பது அந்த வண்டியின் பட்டறைக் கையேட்டில் இருக்கிறது, அதைத் திறந்து காட்டட்டும். இந்த மூட்டு கழன்றால் ஓடும் வண்டியில் சக்கரம் மடங்கிவிடும். உத்தேசமாகப் பேசுகிற பாகம் இல்லை இது.

டயர் கடைக்காரர்கள்மீதுதான் எனக்குத் தீராத கோபம். என் டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருந்ததைப் பார்த்தும், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் புது டயரை மாட்டி அனுப்பினார்கள். கீழே குனிந்து பார்த்திருந்தால் கிழிந்த உறை அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பால் ஜாயின்டை மாற்றுவதானால், அதன் கூம்புத் தண்டு உட்காரும் துளையைத் துடைத்து உலர்வாக வைக்கச் சொல்லுங்கள். அங்கே கிரீஸ் தடவக் கூடாது. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய மூட்டையும் கேட்டு வாங்கி, தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். தேய்ந்ததாக இருந்தால் தடையே இல்லாமல் தொளதொளவென்று ஆடும்.