அளவு நோட்டைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என் கணவர் மாரடைப்பில் தவறி மூன்று மாதம் ஆகிறது. 31 வருடம் சின்னதாக ஒரு தையல் கடை நடத்தினார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டு, சொந்தக்காரர்களுக்கும் கடைக்கு வந்துபோனவர்களுக்கும் கொடுக்கலாம் என்கிறான் மகன். எழுதும் பொறுப்பு என் தலையில். ‘அன்பான கணவர், பாசமிகு தந்தை, நேர்மையான உழைப்பாளி’ என்று எழுதியதோடு பேனா நிற்கிறது. மகளோ, “அப்பா எங்களோடு இருந்ததைவிட மெஷினோடு இருந்ததுதான் அதிகம். அதையும் எழுது” என்கிறாள். ஒருநாள் துணிந்து கடையைத் திறந்தேன். மேஜையில் அவருடைய அளவு நோட்டு கிடந்தது. மகளுக்கு ஆறு வயதிலிருந்து எடுத்த அளவெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தார். பூட்டிவிட்டு வந்துவிட்டேன். “அதையே நினைத்துக்கொண்டிருக்காதே, மறந்துவிட்டு வெளியே வா” என்கிறார்கள் சிலர். எழுதுவதா, விடுவதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எழுதுங்கள் சகோதரி. ஆனால் அந்த மூன்று வரியை முதலில் அடித்துவிடுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை. உங்கள் வீட்டுக்காரரும் இல்லை, அதுதான் சங்கடம். என் அப்பாவும் கடைக்காரர்தான். அவர் போனபோது ‘நேர்மையின் சிகரம்’ என்று நானே எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். இப்போது எடுத்துப் படித்தால் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது. சில்லறை எண்ணும்போது அப்பாவின் உதடு அசையும். இடையில் யாராவது பேசினால் கோபம் வந்துவிடும், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். அதை ஏன் எழுதவில்லை என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

நீங்கள் பூட்டிவிட்டு வந்தீர்களே, அந்த நோட்டு, பாதிப் புத்தகம் அதில்தான் இருக்கிறது. தையற்காரர் அளவு நோட்டில் வெறும் எண்கள் மட்டும் இருக்காது. ஓரத்தில் ‘இடது தோள் இறக்கம்’, ‘லூஸ் கேட்பார்’, ‘பாக்கெட் உள்ளே’ என்று ஏதாவது கிறுக்கி வைத்திருப்பார்கள். 31 வருடமாக மனிதர்களை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தனியாகப் போகாதீர்கள். மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போய், பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள், ஒட்டியதைப் பிரிக்கப் போனால் தாள் வீணாகிவிடும். அச்சில் போடும்போது வாடிக்கையாளர் பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிடுங்கள். அவர்கள் அளவு அவர்கள் சொந்த விஷயம்.

இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அவர் குரல். உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது இருக்கும். ‘வர லேட் ஆகும்’ என்கிற ஒரு வரிதான் என்றாலும் சரி, இன்றைக்கே வேறு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கைப் பொதுவாக நீக்கிவிடுவார்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அவர் நம்பரும் நாளடைவில் வேறு யாருக்கோ போய்விடும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அப்புறம், தைத்து முடித்து யாரும் வாங்கிப் போகாத துணிகள் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும். வெட்டியும் வெட்டாமலும் சில கிடக்கும். உரியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து வரச் சொல்லுங்கள். துணி கொடுத்து கடன் தீர்ந்த மாதிரியும் இருக்கும், நீங்கள் அறியாத பாதி மனிதரைப் பற்றிக் கேட்டுக்கொண்ட மாதிரியும் இருக்கும். காலை ஒன்பதிலிருந்து இரவு வரை அவரைப் பார்த்தவர்கள் அவர்கள்தானே! ஆனால் “அவரைப் பற்றி ஏதாவது சொல்லுங்களேன்” என்று மட்டும் கேட்காதீர்கள். “தங்கமான மனுஷன்” என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். கடைசியாக அவர் தைத்துக் கொடுத்தது என்ன, எத்தனை தடவை அலைய விட்டார், எதற்காவது சண்டை போட்டீர்களா என்று கேளுங்கள். சண்டை என்றதும் கதை தானாக வரும். கடையில் உதவிக்கு ஒரு பையன் இருந்திருந்தால் அவனிடம் முதலில் போங்கள். அவர் கத்தரி பிடித்த விதம் அவன் கையில் இருக்கும், திட்டிய வார்த்தையும் நினைவில் இருக்கும்.

மறந்துவிடு என்கிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனதை ஆராய்ந்த புகழ்பெற்ற மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டே 1917-இல் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்றார். 1920 ஜனவரியில் அவர் மகள் சோஃபி காய்ச்சலில் இறந்துபோனாள். 1929-இல், அவள் உயிரோடு இருந்திருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் நாளில், மகனைப் பறிகொடுத்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு ஃபிராய்ட் கடிதம் எழுதினார். அந்த இடம் எதனாலும் முழுதாக நிரம்பாது, நிரம்பாமல் இருப்பதே சரி என்பது அந்தக் கடிதத்தின் சாரம். கொள்கை எழுதியவர் வேறு, அப்பா வேறு போலிருக்கிறது. 1996-இல் டென்னிஸ் கிளாஸும் அவரோடு சேர்ந்த இரண்டு ஆய்வாளர்களும் இதையே ஆய்வு முறையில் சொன்னார்கள்: இறந்தவரோடு உறவு அறுவதில்லை, வேறு மாதிரி தொடர்கிறது, அது நோயும் அல்ல. 1999-இல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு துக்க ஆய்வாளர்கள் சொன்னது உங்களுக்கு இன்னும் நேராகப் பொருந்தும். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு என்றார்கள். ஆகவே ஒருநாள் கடையைத் திறந்து, மறுநாள் அந்தப் பக்கமே போகாமல் வீட்டில் டிவி பார்த்துச் சிரித்தால் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஆனால், தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் மட்டும் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மகள் சொன்னதை எழுத வேண்டுமா என்றால், வேண்டும். நீங்கள் எழுதாதீர்கள், அவளே எழுதட்டும். ஒரு பக்கம் கொடுத்துவிடுங்கள், ஒரு வரியும் திருத்தாதீர்கள். சொந்தக் கடைக்காரருக்கு லீவு கிடையாது, கடையை மூடினால் அன்றைக்கு வருமானம் இல்லை என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த நியாயம். பள்ளி ஆண்டுவிழாவில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு அது நியாயம் இல்லை. குறையே இல்லாத ஆளை அச்சடித்துக் கொடுத்தால், அவரோடு வாழ்ந்தவர்கள் யாரும் அதை நம்பப் போவதில்லை.

ஆனால் எழுத உட்காரும் முன்பு அவளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். தோள், கை, நீளம், கீழே தேதி. அடுத்த வருடம் மறுபடி தோள், கை, நீளம். மெஷினோடு இருந்த மனிதர்தான், அவள் எத்தனை அங்குலம் வளர்ந்தாள் என்று வருடா வருடம் டேப் வைத்துப் பார்த்து எழுதியும் இருக்கிறார். சமாதானம் ஆகிவிடுவாள் என்று நான் சொல்ல வரவில்லை. கோபம் கூடவும் செய்யலாம். அதையும் சேர்த்து எழுதட்டும்.

புத்தகத்தின் முதல் படமாக அந்தப் பக்கத்தையே போடலாம், அவள் சம்மதித்தால்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த நோட்டில் உங்கள் அளவு இருக்கிறதா? தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள். கட்டியவளுக்குத் தைக்க அவருக்கு நோட்டு தேவைப்பட்டிருக்காது.