வாசகர் வினா விடை: ரவைக்கோதும் தராசும்

சென்ற இதழில் பொற்கொல்லரின் தராசைப் பற்றி எழுதிய விடையின் முடிவில், துப்பாக்கி ரவைக்கு மருந்து நிறுப்பவர்களுக்கு அதைவிட நுட்பமான தராசு தேவை என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ஏராளம். பெரும்பாலானவை புலம்பெயர்ந்த நாடுகளில் அனுமதிப்பத்திரம் பெற்று இலக்குச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோரிடமிருந்தும் அவர்களின் பெற்றோரிடமிருந்தும் வந்தவை. இரண்டு கடிதங்கள் நம் ஊரவர் தம் சொந்தக் காரியத்துக்காகக் கேட்டவை. ஐந்து கடிதங்களுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மகன் முறையான அனுமதிப்பத்திரத்துடன் சுடும் கழகமொன்றில் அங்கத்தவராக இருக்கிறான். சுட்டு முடிந்த கோதுகளுக்கு வீட்டிலேயே மீண்டும் மருந்திட விரும்புகிறான். அந்த நாட்டில் சொந்தப் பாவனைக்கு அதற்கு இடமுண்டாம். நாற்பது ஆண்டுகள் கடைசல் பட்டறை நடத்தியவன் என்பதால் எந்த இயந்திரம் நல்லது என்று என்னிடம் கேட்கிறான். நான் என்ன சொல்ல வேண்டும்? (வாசகர் ஒருவர், கொக்குவில்)

விடை: ஐயா, பட்டறைக்காரருக்கு விளக்குவது எளிது. ஒரு ரவையில் நான்கு உறுப்புகள் உள்ளன: பித்தளைக் கோது, அதன் அடியில் பொருத்தப்படும் பிரைமர் என்னும் சிறு தீமூட்டி, உள்ளே இடப்படும் புகையில்லா மருந்து, வாயில் செருகப்பட்டு, சுடும்போது பறந்து செல்லும் சன்னம். சுட்டபின் எஞ்சுவது கோது மட்டுமே. வெடிப்பின் அழுத்தத்தால் விரிந்துபோன அந்தக் கோதைப் பழைய அளவுக்கு ஒடுக்கி, எரிந்த பிரைமரைத் தள்ளி வெளியேற்றி, புதிய பிரைமரையும் மருந்தையும் சன்னத்தையும் வைப்பதே வேலை. ஒடுக்குவதற்கு ஓர் அச்சும் அந்த அச்சுக்குள் கோதைத் தள்ள ஒரு நெம்புகோலும் வேண்டும். அச்சை டை என்றும் நெம்புகோல் பூட்டிய பொறியைப் பிரெஸ் என்றும் கடைகளில் கேட்டு வாங்குவார்கள்.

பிரெஸ் மூன்று வகைப்படும். முதலாவதில் ஒரு நேரத்தில் ஓர் அச்சே நிற்கும். கையிலுள்ள கோதுகள் அனைத்தையும் ஒடுக்கி முடித்த பின்னரே அடுத்த அச்சைப் பூட்ட வேண்டும். இரண்டாவதில் சுழலும் தலையொன்றில் பல அச்சுகள் நிற்கும். மூன்றாவதில் கோதுகளே ஒரு வட்டத் தட்டில் நகர்ந்து செல்ல, கையை ஒருமுறை இழுத்தால் எல்லாப் படிகளும் ஒரே வேளையில் நடக்கும். அதனால் மணிக்கு நூற்றுக்கணக்கான ரவைகள் வந்துவிடும். உங்கள் மகன் கண் வைத்திருப்பது பெரும்பாலும் மூன்றாவதில்தான் இருக்கும். முதல் வகையையே வாங்கச் சொல்லுங்கள். வேகமான பொறியில் தவறும் வேகமாகப் பெருகும். ஒரே கணத்தில் நான்கைந்து இடங்களில் நடப்பதைப் புதியவரின் கண் பிடித்துக்கொள்ளாது. வார்ப்பிரும்பில் செய்த நல்ல ஒற்றைப் பிரெஸ் ஒருவரின் ஆயுள் முழுவதும் உழைக்கும்; பின்னாளில் வேகமான பொறி வாங்கினாலும் இது மேசையில் பயனின்றிக் கிடக்காது.

நீங்கள் மகிழக்கூடிய செய்தி ஒன்று. பெரும்பாலான அச்சுகள் எட்டில் ஏழு அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 புரியும் கொண்ட ஒரே அளவில் வருவதால், ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் அச்சை லீயின் பிரெஸ்ஸிலும் ஹோர்னடியின் அச்சை ஆர்.சி.பி.எஸ். பிரெஸ்ஸிலும் பூட்டலாம். ஆகவே பெட்டியின் மேலுள்ள பெயரைவிட, நெம்புகோலின் மூட்டில் ஆட்டம் இருக்கிறதா, தண்டு அச்சின் மையத்துக்கு நேராக ஏறுகிறதா என்பதையே பார்க்க வேண்டும். அதைப் பார்க்க உங்கள் மகனுக்கு உங்களைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார். மேசை கனமானதாகவும் சுவரோடு பிணைக்கப்பட்டதாகவும் இருக்கட்டும். ஆடும் மேசையில் எந்தப் பிரெஸ்ஸும் நேராக வேலை செய்யாது.

அச்சு வாங்கும்போது கவனிக்க வேண்டியது வேறு. நேரான சுவருள்ள கைத்துப்பாக்கிக் கோதுகளுக்கு காபைட்டு என்னும் மிகக் கடினமான பொருளாலான வளையம் பதித்த அச்சு கிடைக்கும். அதற்கு உராய்வுநீக்கி பூசத் தேவையில்லை. கழுத்து ஒடுங்கிய ரைபிள் கோதுக்கு அச்சு எதுவானாலும் பூசியே ஆக வேண்டும். குறைத்துப் பூசினால் கோது அச்சுக்குள் இறுகி, அதன் விளிம்பு கிழிந்து கையோடு வந்துவிடும். கூட்டிப் பூசினால் கோதின் தோளில், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியில், பள்ளம் விழும். கோதின் தோளை அளவுக்கு மீறிப் பின்தள்ளும்படி அச்சை இறக்கிப் பூட்டுவது இன்னும் பொல்லாத பிழை. அப்படி ஒடுக்கிய கோது ஒவ்வொரு சூட்டிலும் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே இழுபட்டு மெலிந்து, ஒருநாள் துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாகப் பிரியும். கோதின் வெளிப்புறத்தில் அந்த இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தால், அல்லது முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுக்கும்போது ஒரு பள்ளத்தில் தட்டினால், அந்தக் கோதை நசுக்கி எறிந்துவிட வேண்டும்.

பித்தளை ஒவ்வொரு சூட்டிலும் வாய்ப்பக்கமாக நீளும். குறித்த நீளத்தைத் தாண்டிய கோதின் வாய் துப்பாக்கியின் அறைக்குள் சன்னத்தை இறுகப் பிடித்துக்கொள்ள, உள்ளே அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். ஆகவே வேணியர் இடுக்கிமானியும் கோதின் வாயைச் சீவும் கருவியும் ஆடம்பரமல்ல. இன்னொன்று: எல்லாக் கோதும் மீண்டும் பயன்படாது. அடியில் நடுவே ஒரு தீத்துளை உள்ளது பொக்சர் முறை. இரண்டு சிறு துளைகள் உள்ளது பேர்டன் முறை. பொக்சர் ஆங்கிலேயர், பேர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் வேரூன்றியது ஆங்கிலேயரின் முறை. வீட்டு அச்சில் எரிந்த பிரைமரைத் தள்ளி வெளியேற்றும் ஊசி பொக்சர் கோதின் ஒற்றைத் துளைக்கே பொருந்தும். பேர்டன் கோதில் இறக்கினால் ஊசி முறியும்.

இவையெல்லாவற்றுக்கும் முன்பாக அவர் வாங்க வேண்டியது மருந்தளவுக் கைநூல். ஒவ்வொரு சன்னத்துக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் தொடக்க அளவும் உச்ச அளவும் அதில் இருக்கும். தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாகவே ஏற வேண்டும். நண்பர் சொன்ன அளவு, எங்கோ வாசித்த அளவு, மனதில் பதிந்திருக்கும் அளவு ஆகிய எதையும் நம்பக்கூடாது. ஒரு மருந்துக்குப் பதில் தோற்றத்தில் ஒத்த இன்னொன்றை இடுவது, சாதாரண பிரைமருக்குப் பதில் அதைவிட வலுவாகத் தீமூட்டும் மக்னம் பிரைமரை வைப்பது போன்றவற்றை நான் கவனக்குறைவு என்று சொல்லமாட்டேன். அவை உயிரோடு விளையாடுவது.

கேள்வி: என்னிடம் இரண்டு தசமதானம் காட்டும் நகைக்கடைத் தராசு இருக்கிறது. மருந்து நிறுக்க அது போதாதா? இலத்திரனியல் தராசு நல்லதா, பழைய கோல் தராசு நல்லதா? (வாசகர் ஒருவர், ஸ்காபரோ)

விடை: போதாது. மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஓர் இறாத்தலுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் 0.0648 கிராம், நம் குன்றிமணியில் ஏறத்தாழ அரைவாசி. கைநூல்கள் கேட்பது கிரெயினில் பத்தில் ஒரு பங்கு நுட்பம், அதாவது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம். உங்கள் நகைத் தராசு காட்டும் மிகச் சிறிய படியோ 10 மில்லிகிராம். ஒரு சோடித் தோட்டில் அந்த வேறுபாடு பெரிதல்ல. சில கிரெயின் மருந்தே கொள்ளும் கைத்துப்பாக்கி ரவையில் அது பெரிது.

இரண்டு தராசுகளையும் பாவித்துப் பார்த்தவன் என்ற முறையில் என் விருப்பம் கோல் தராசு. அதற்கு மின்கலம் வேண்டாம், சூடேற நேரம் வேண்டாம். காந்தத்தால் ஆட்டம் அடங்கும் வகையென்றால் சில நொடிகளில் நின்றுவிடும். இலத்திரனியல் தராசு விரைவானது. ஆனால் போட்டவுடன் காட்டும் எண்ணை நம்பக்கூடாது, சிறிது நேரம் விட்டு வைக்க வேண்டும், மேசையில் கைத்தொலைபேசி இருக்கக்கூடாது, மின்விசிறி சுழலக்கூடாது. எதை வாங்கினாலும் சோதனைப் படிக்கற்களையும் சேர்த்து வாங்குங்கள். நீங்கள் இடப்போகும் மருந்தின் நிறைக்குக் கிட்டிய படிக்கல்லை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்துப் பார்க்க வேண்டும். முடிவில் பிழை தெரிந்தால் அன்று செய்த அத்தனையையும் பிரித்துவிட வேண்டும். மனம் வலித்தாலும் வேறு வழியில்லை.

தராசு சரியாக இருந்தும் மனிதன் தவறலாம். ஒன்ராறியோவில் இருக்கும் என் மருமகனின் மேசையருகே ஒரு மாலை முழுவதும் அமர்ந்திருந்தேன். ஐம்பது குழியுள்ள மரக்கட்டையில் கோதுகளை நிறுத்தி வரிசையாக மருந்திட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைத்தது. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்ததாக அவர் நினைத்தார். சன்னம் வைப்பதற்கு முன் வழக்கம்போல் கைமின்விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கோதின் உள்ளும் பார்த்தபோது இரண்டு கோதுகள் வெறுமையாக இருந்தன. மருந்தில்லாத ரவையில் பிரைமர் மட்டும் வெடித்து, சன்னத்தைக் குழலுக்குள் சிறிது தூரம் தள்ளிவிட்டு நின்றுவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கும். இரட்டை மருந்து விழுந்த கோதோ முதல் சூட்டிலேயே துப்பாக்கியை உடைக்கும். முடிந்த ரவையை நிறுத்துப் பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். கோதுகளின் நிறையே ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் குறைந்த மருந்துள்ள ரவைகளில் அந்தச் சோதனை ஏமாற்றிவிடும். வெளிச்சமும் கண்ணுமே சோதனை. அழைப்பு வந்தால் போகட்டும்; அல்லது, கட்டையிலுள்ள கோதுகள் அனைத்தையும் கவிழ்த்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: காட்டுப்பன்றித் தொல்லைக்காக அனுமதிப்பத்திரமுள்ள துவக்கு வைத்திருக்கிறேன். தோட்டா விலை தாங்க முடியவில்லை. வெற்றுத் தோட்டாக்களுக்கு வீட்டில் மருந்திட இந்தக் கருவிகளை வரவழைக்கலாமா? (விவசாயி ஒருவர், கொடிகாமம்)

விடை: வேண்டாம் ஐயா. துவக்குக்கான அனுமதிப்பத்திரம் தோட்டா செய்வதற்கான அனுமதியல்ல. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளன; வெடிமருந்து உற்பத்தியும் உடைமையும் அனுமதிக்கு உட்பட்டவை. உங்கள் தோட்டத்தின் இழப்பு எனக்குப் புரியாததல்ல. ஆனால் இடியன் துவக்குக்குக் கண்ணளவில் மருந்து இடித்த பழைய கையை இதற்குள் கொண்டுவர நினைப்பதே எனக்கு அச்சம் தருகிறது. பழைய கரிமருந்தும் இன்றைய புகையில்லா மருந்தும் ஒன்றல்ல. ஒன்றின் அளவில் மற்றதை இட்டால் துவக்கு உங்கள் முகத்தருகே வெடிக்கும்.

கேள்வி: மெல்பேணில் இருக்கும் மருமகன் வீட்டில் இந்த வேலையைச் செய்கிறார். பேத்திக்கு இரண்டு வயது. வீடு எரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (அம்மா ஒருவர், சுன்னாகம்)

விடை: அம்மா, நெருப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன். புகையில்லா மருந்து திறந்த வெளியில் வேகமாக எரியுமேயன்றி, அடைபட்டால்தான் வெடிக்கும். அதனால் அதை வந்த கொள்கலனிலேயே, மரத்தாலான பூட்டிய அலமாரியில், வெப்பத்துக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பாதுகாப்பு என்று எண்ணி இறுகிய இரும்புப் பெட்டியில் பூட்டுவது நெருப்புப் பிடித்தால் குண்டு செய்து வைத்ததற்குச் சமம். பிரைமர்களைப் போத்தலில் கொட்டி வைப்பதும் அவ்வாறே. ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். அவை இடைவெளிவிட்டு அடுக்கப்பட்ட தம் பெட்டியிலேயே இருக்கட்டும். பிரைமர் வைக்கும்போது கண்ணாடி அணிகிறாரா என்றும் கேளுங்கள். எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பதை அங்குள்ள சட்டம் வரையறுக்கும்; அதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

நீங்கள் கேளாத ஒன்றே எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. அது ஈயம். சன்னத்தில் ஈயம் உண்டு. பிரைமரின் கலவையிலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. எரிந்தபின் அது கோதின் உள்ளே நுண்தூளாகப் படிந்திருக்கும். கோதுகளைச் சோளக்கதிர்த் தண்டின் தூள் போன்றவற்றோடு உருட்டித் துலக்கும் கலத்தைத் திறக்கும்போது அந்தத் தூள் காற்றில் எழும். தவழ்ந்து, தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. ஆகவே அந்த வேலை குழந்தை நுழையாத தனி இடத்தில் நடக்க வேண்டும்; உலர்ந்த முறைக்குப் பதில் நீரில் துலக்கும் முறை நல்லது, அந்த நீரையும் சமையலறைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. தும்புத்தடியால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அங்கே தேநீர்கூடக் குடிக்காமல், முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைமுகம் கழுவி, உடை மாற்றிய பின்னரே பேத்தியைத் தூக்க வேண்டும். அவரது குருதியில் ஈயத்தின் அளவை மருத்துவரிடம் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள். பேத்திக்கும் அந்தச் சோதனை தேவையா என்று அதே மருத்துவரிடம் கேட்கலாம்.

கேள்வி: வேலிக்குக் கிடங்கு வெட்டும்போது பழைய ரவைகளும் வெற்றுக் கோதுகளும் வருகின்றன. பித்தளைதானே, விற்கலாமா? அல்லது நீங்கள் எழுதுவதுபோல் மீண்டும் பயன்படுமா? (வாசகர் ஒருவர், முகமாலை)

விடை: பயன்படாது, தொடவும் கூடாது. மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த கோது அரிக்கப்பட்டு உறுதி இழந்திருக்கும். சுடப்படாத ரவையின் பிரைமரோ இன்னும் உயிரோடு இருக்கலாம். அதைவிட, ரவை கிடக்கும் மண்ணில் வேறென்ன கிடக்கிறது என்பது உங்கள் ஊரவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டு, போன தடத்திலேயே திரும்பி வந்து, பிள்ளைகள் போகாதபடி தூரத்தில் அடையாளம் இட்டு, கிராம அலுவலருக்கும் 119 இலக்கத்தில் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றும் பிரிவினர் வந்து பார்த்து, அந்த நிலம் பாதுகாப்பானது என்று சொல்லும்வரை மற்றக் கிடங்குகளையும் வெட்ட வேண்டாம்.