தாலிக்கொடியைக் கழற்றலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா இல்லை. தம்பிக்கு 27 வயது, கல்முனையில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறான். போனில் கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டி 3 இலட்சம் கடனாகிவிட்டது என்று போன வருடம் அழுதான். என் சீட்டுக்காசை எடுத்து அடைத்தேன். இனித் தொடமாட்டேன் என்று கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினான். இப்போது அம்மாவின் பதக்கச் சங்கிலி வீட்டில் இல்லை. அவனுடைய மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே அடைவு ரசீது கிடந்தது. கேட்டால், “4 இலட்சம் தாங்க அக்கா, எல்லாத்தையும் முடிச்சிருவன்” என்கிறான். குடி, சிகரெட் ஒன்றும் கிடையாது. இது வயதுக் கோளாறா, வருத்தமா? என் தாலிக்கொடியை ஈடு வைக்கலாமா?

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். தாலிக்கொடியைக் கழற்றாதீர்கள். 4 இலட்சம் என்ன, 40,000 ரூபாய்கூட அவர் கையில் காசாகக் கொடுக்காதீர்கள்.

பாண்டிருப்பு உங்களுக்குத் தூரமில்லை. திரௌபதை அம்மன் கோயிலில் வனவாசம் போவதைப் பார்த்திருப்பீர்கள். தீமிதிப்பு எல்லாருக்கும் நினைவிருக்கும், அந்த வனவாசம் வந்த கதையில் ஒரு துண்டு மட்டும் மறந்துபோகும். மூல பாரதக் கதையில் தருமர் இரண்டு தரம் சூதாடுகிறார். முதல் தரம் நாடு, தம்பிமார், தான், பெண்சாதி என்று எல்லாம் போகிறது. திருதராட்டிரன் இரங்கி அத்தனையையும் திருப்பிக் கொடுக்கிறான். ஒரு சதம் கடனில்லை. ஆனால் மறுபடி ஆளனுப்பிக் கூப்பிட்டதும் தருமர் போய் உட்கார்ந்துவிட்டார்! காட்டுக்கு அனுப்பியது அந்த இரண்டாவது ஆட்டம். போன வருடம் உங்கள் சீட்டுக்காசு செய்ததும் திருதராட்டிரன் செய்த வேலைதான்.

வருத்தமா என்பதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வைத்தியர்கள் எதைத் தேடுவார்கள் என்று சொல்லலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் சூதாட்டத்தை மதுவும் போதைப்பொருளும் இருக்கிற அதே பகுதிக்கு மாற்றியது. அது சொல்கிற அறிகுறிகள் 9. ஒரு வருடத்துக்குள் 4 இருந்தாலே கவனிக்க வேண்டிய நிலை. உங்கள் கடிதத்திலேயே மூன்று இருக்கின்றன: விடப் பார்த்தார், முடியவில்லை. மறைக்கிறார். தன் கடனுக்கு மற்றவர் காசை எதிர்பார்க்கிறார். நான்காவதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தோற்ற அடுத்த நாளே, விட்டதைப் பிடிக்கவென்று திரும்ப ஆடுகிறாரா? என்னைக் கேட்டால் அந்த ஒன்பதில் ஆளை ஆழத்துக்கு இழுப்பது இதுதான்.

குடிகாரன் வந்தால் படலையிலேயே மணக்கும். இதற்கு மணமில்லை. போன் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும், குளிக்கப் போனாலும் கூடப் போகும். வலது கை சோற்றைப் பிசைய இடது கை திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு இரவு வீட்டுக்கே கொத்துரொட்டிப் பார்சல் வரும், விடிந்தால் பெற்றோலுக்குக் காசிருக்காது. கூட்டாளிமாரிடம் ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கியிருப்பார். கேட்டால் “மறுகா தாறன்.” 200 ரூபாயில் தொடங்கியவருக்கு இப்போது 5,000 கட்டினால்தான் நெஞ்சு படபடக்கும். ஆடாத நாளில் வீட்டில் எல்லாரிலும் எரிந்து விழுவார்.

‘நாங்களும் லொத்தர் எடுக்கிறோமே’ என்று சிலர் கேட்பார்கள். லொத்தரும் சூதுதான், ஆனால் முடிவுக்கு இரவு வரை காத்திருக்க வேண்டும். போனில் வரும் ஒரு சூதாட்டத்தில் குட்டி விமானம் ஒன்று மேலே ஏறும், அது பறந்து மறைவதற்கு முன் காசை எடுக்க வேண்டும். ஒரு ஆட்டம் சில விநாடிதான். கட்டுவதற்கும் முடிவுக்கும் இடைவெளி குறையக் குறையப் பிடி இறுகும். போதாததற்கு, ‘ஒரு விநாடி முந்தி எடுத்திருந்தால்!’ என்ற நினைப்பு வேறு. மயிரிழையில் தோற்பதை மூளை தோல்வியாகக் கணக்கெடுப்பதில்லை. அடுத்த ஆட்டத்துக்குத்தான் தள்ளும். படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர் எல்லாரும் இதில் ஒன்றுதான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மட்ச் இல்லாத ஒரு காலையில் கொப்பியோடு உட்காருங்கள். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று அவர் கையாலேயே எழுதட்டும். முதல் தரம் சொல்லும் தொகையை நம்பவேண்டாம், பெரும்பாலும் ஒரு கடன் ஒளிந்திருக்கும். சங்கிலியை மீட்பதென்றால் ரசீதோடு நீங்களே அடைவு கடைக்குப் போங்கள். மற்றக் கடன்களை அவர் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொடுக்கட்டும், அந்தச் சம்பளம் கொஞ்சக் காலம் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். யாருக்கும் பிணைக் கையெழுத்து வைக்காதீர்கள். அப்புறம், அவர் கணக்குப் பார்க்கிற இடத்தில் காசுப் பெட்டி இருக்கிறது. அதைத் தொடாத வேலைக்கு மாற்றித் தரச் சொல்லி அவரே முதலாளியிடம் கேட்பது நல்லது. சொல்லச் சங்கடம்தான், ஆனால் பொலிசில் போய் நிற்பதைவிடச் சங்கடமில்லை.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. இதைப் பெரும்பாலும் பேசியே குணமாக்குகிறார்கள். ஆசை எழும் நேரத்தைக் கண்டுகொள்ளவும், அதைக் கடக்கவும் பழக்குவார்கள். தம்பி வரமாட்டேன் என்றால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: “நான் செத்தால் எல்லாம் முடிஞ்சிரும்” என்ற மாதிரி ஒரு சொல் வந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். தனியே விடாதீர்கள். கடன் முற்றிய நேரத்தில் இது வெறும் பேச்சாக இருக்காது.

சங்கிலி எங்கே என்று அம்மாவுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் சொல்லவேண்டாம், தம்பியே சொல்லட்டும். பக்கத்தில் இருங்கள்.