பதில்: ஹோண்டா ஈஜி சிவிக்ல பி16ஏ ஏத்தியும் விடெக் அடிக்கல (சுங்கை சிப்புட்)

தம்பி, 1.5 இன்ஜினை எறக்கிட்டு ஹாஃப்கட் (பாதியா வெட்டி வர்ற பழைய வண்டி) பி16ஏ இன்ஜினை ஏத்தியாச்சு, 5,500 ஆர்பிஎம் தாண்டியும் விடெக் (இன்ஜின் வேகமா சுத்தும்போது வால்வை அதிகமாத் திறக்கிற அமைப்பு) அடிச்சு சத்தம் மாறல, செக் இன்ஜின் லைட்டும் எரியல, புரோட்டான் வீரா டர்போ வெச்சிருக்கிறவங்க கிண்டல் பண்றாங்க. அவ்வளவுதானே? இன்ஜினைத் தொடாதீங்க. முதல்ல ஈசியூ (இன்ஜினை இயக்குற கம்ப்யூட்டர்) லேபிளைப் பாருங்க. பி06னு இருந்தா கதை அங்கேயே முடிஞ்சது. அதுக்கு விடெக்னா என்னன்னே தெரியாது, அப்புறம் எப்படி கோளாறு கோட் காட்டும்? பி16ஏவுக்கான பி30 வேணும்.

அதை மாட்டினா மட்டும் போதாது. பழைய வயரிங்ல ரெண்டு வயர் இருக்காது: விடெக்குக்கு ஆயிலைத் திறந்து விடுற சோலினாய்டுக்கு ஈசியூவோட ஏ4 பின், ஆயில் பிரஷர் சுவிட்சுக்கு டி6 பின். இழுக்காம விட்டா கோட் 21, 22 வரும். ஸ்பீட் சென்சர் வயரையும் பாருங்க, வண்டி ஓடுதுன்னு ஈசியூவுக்குத் தெரியணும். வாசல்ல நிறுத்தி வெச்சு முறுக்கிட்டு "அடிக்கல"ன்னு புலம்புறவங்களுக்கும் இதே பதில்தான்.

அடுத்து சோலினாய்டு. மீட்டர்ல 14-30 ஓம் காட்டணும், 12 வோல்ட் கொடுத்தா 'டிக்'னு கேக்கணும். கேட்டுச்சுன்னா போல்ட் மூணையும் கழட்டி, கேஸ்கெட்டோட ஒட்டியிருக்கிற சின்ன வலையைப் பாருங்க. கடையில மாசக்கணக்கா கிடந்த இன்ஜின்னா காஞ்ச கறுப்புப் பிசுக்கு அதை அடைச்சிருக்கும், வால்வைத் திறக்கிற ராக்கர் ஆர்ம்களைப் பூட்டுற பின்னைத் தள்ள ஆயில் பிரஷர் பத்தாது. புதுசா போடுங்க. போல்ட் 12 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினியம், போமன் (மெக்கானிக்) பலத்தைக் காட்டினா மரை போயிடும்.

ஆயில் மேல் கோடு வரைக்கும் இருக்கணும், இன்ஜினும் சூடாகணும். தோட்டத்துச் செம்மண் ரோட்டுல சோதிக்காதீங்க, செம்பனை லாரி சிந்தின மண்ணுல டயர் பிடிக்காது. ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) இன்ஜின் நம்பர் மாத்தியாச்சா?