சொந்த வண்டியைத் திருடாதீர்கள்

வாசகர் கேள்வி: இலவம்பாடி பக்கம் எங்கள் ஊர். சொந்தமாக ஒரு குட்டியானை வைத்து, கத்தரிக்காய் ஏற்றி வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு நானே ஓட்டுகிறேன். கிளட்ச் வழுக்கியதால் வேலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கிளட்ச் செட் கூலியோடு 16,200, நாலு ஷாக் அப்சார்பர் 9,600, மற்ற சில்லறை வேலை 2,800, ஆக 28,600 ரூபாய் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். 18,600 ஜிபேயில் போட்டேன். மீதி பத்தாயிரத்தை அடுத்த மாதம் கொடுங்கள் என்று முதலாளியே வாட்ஸ்அப்பில் சொல்லி வண்டியைக் கொடுத்தார். 19-ஆம் நாள், ஒடுகத்தூர் தாண்டி மேட்டில் லோடோடு ஏறும்போது கிளட்ச் கருகி நின்றுவிட்டது. கட்டி இழுத்துவந்து அதே இடத்தில் விட்டேன். என் பையன் முன்னாலேயே முதலாளி என்னைக் கேவலமாக ஏசினார். அப்புறம் போன் செய்தபோது "சரி, பார்த்துப் போடுங்க" என்றேன். இப்போது புது பிளேட் போட்டதற்கு 11,400, பழைய பாக்கி 10,000, வண்டி நின்ற வாடகை நாளுக்கு 200 வீதம் 23 நாளுக்கு 4,600, மொத்தம் 26,000 கட்டினால்தான் வண்டி என்கிறார். பின்பக்கம் இருக்கிற ரெண்டு ஷாக்கும் பழசு போலிருக்கிறது, பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். மனைவி நகை அடகில் இருக்கிறது. ஒன்றேகால் டன் ஏற்றினாலும் முனகாமல் இழுத்த வண்டி ஐயா அது. மனஉளைச்சலுக்கு 5 லட்சம் கேட்டு வழக்குப் போட வேண்டும். ஸ்பேர் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ராணுவத்துக்குத் தயாராகிற என் மச்சான், "ராத்திரி போய் எடுத்துட்டு வந்துடலாம் மாமா, நம்ம வண்டிதானே" என்கிறான். எடுக்கலாமா?

பதில்: எடுக்கக் கூடாது. அதை விவரமாகப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் வழக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் தேடுகிற இடத்தில் அது இல்லை.

பையன் முன்னால் ஏசியது வலிக்கும், எனக்குப் புரிகிறது. நகை அடகில் இருப்பதும் கஷ்டம்தான். இரண்டையும் மனுவில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் தீர்ப்பு மாறப்போவதில்லை. கிளட்ச் கருகியதைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். ஷாக் பற்றி ஒரே ஒரு வரிதான், அதுவும் போகிற போக்கில். ஐயா, உங்கள் வழக்கே அந்த ஒரு வரிதான்.

நாலு ஷாக்குக்குப் பணம் வாங்கிவிட்டு இரண்டு பழசுக்குப் பெயின்ட் அடித்து மாட்டியது உண்மையானால், அது வேலையில் நேர்ந்த குறை அல்ல. பழைய பொருளைப் புதுசு என்று காட்டுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)-இல் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிற நேர்மையற்ற வணிக நடைமுறை. முறையான ரசீது தராததும் அதே பிரிவில் வருகிறது. இதை நிரூபிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. பொருள் வண்டியின் அடியிலேயே மாட்டியிருக்கிறது. முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் படம் எடுத்தால் போதும். தயாரிப்பு மாதம் குத்தியிருக்கிறதா, ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா, பெயின்டுக்கு அடியில் துரு தெரிகிறதா என்பதை யாரும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

கிளட்ச் அப்படி இல்லை. 19 நாளில் பிளேட் கருகப் பல காரணம் உண்டு. கியர்பாக்ஸை இறக்கியபோது ஆயில் சீல் கசிவதைப் பார்க்காமல் விட்டிருந்தால் பிளேட்டில் ஆயில் இறங்கி வழுக்கும். பெடலில் பிரீ பிளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் மிதி சும்மா இறங்கும் தூரம், சரியாக வைக்காவிட்டாலும் வழுக்கும். இவை பட்டறையின் தவறு. மிதியில் காலை வைத்தபடியே ஓட்டினாலோ, மேட்டில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தினாலோ, அளவுக்கு மேல் ஏற்றினாலோ அது ஓட்டியவர் தவறு. எது நடந்தது என்பதைக் கழற்றிய பிளேட்தான் சொல்லும். ஆயிலில் ஊறியிருந்தால் உங்கள் பக்கம் பலம். வெறும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் வாதாடலாம். அந்தப் பிளேட் இப்போது யாரிடம்? நீங்கள் எழுதவே இல்லை. பெரும்பாலும் அது இந்நேரம் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

இன்னொன்று. "ஒன்றேகால் டன் ஏற்றினாலும்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். அந்த ரக வண்டிக்கு அனுமதித்த பாரம் முக்கால் டன் அளவில்தான் இருக்கும். மனஉளைச்சலையும் வருமான நஷ்டத்தையும் கேட்டால், நஷ்டத்தைக் காட்ட மார்க்கெட் மண்டிச் சீட்டுகளைத்தான் தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் சீட்டில் தேதியோடு எடையும் இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே சீட்டைத் தூக்கிக் காட்டி, "கிளட்ச் ஏன் கருகியது என்று இப்போது தெரிகிறதா" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. 5 லட்சம் என்ற பேச்சை இத்தோடு விடுங்கள்.

நீங்கள் நுகர்வோர்தானா என்ற கேள்வியும் வரும், "வாடகை வண்டி, வியாபாரம்" என்பார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டியை வணிகம் என்று ஒதுக்க முடியாது என்று 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஓரிருவர் துணைக்கு இருப்பதாலும் அது மாறாது.

இப்போது ஸ்பேர் சாவிக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

"நம்ம வண்டிதானே" என்ற அந்த வார்த்தையை நான் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் பல முறை கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் எல்லோரும் குற்றம் சாட்டப்பட்டவர்களாக நின்றுகொண்டு சொன்னார்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர், லோடு ஆட்டோ, பாக்கி நாலாயிரத்துச் சொச்சம். விடியற்காலை கேட்டைத் தாண்டிப் போய் வண்டியை எடுத்துவந்தார். காலை 10 மணிக்குப் பட்டறைக்காரர் ஸ்டேஷனில் இருந்தார். பட்டறையில் இருந்த டூல் பெட்டியும் இரண்டு பேட்டரியும் காணோம் என்று சேர்த்து எழுதிக் கொடுத்தார். அவற்றை இவர் எடுக்கவில்லை, நான் நம்புகிறேன். ஆனால் ராத்திரியில் கேட்டைத் தாண்டிய ஆளின் பேச்சை யார் நம்புவார்கள்? எடுத்துவந்த வண்டியையும் போலீஸ் பறிமுதல் செய்தது. அதை நீதிமன்றத்தில் மனுப்போட்டு மீட்க ஆன செலவு பாக்கியைவிடப் பல மடங்கு.

சொந்தப் பொருளை எப்படித் திருட முடியும் என்று கேட்பீர்கள். திருட்டு என்பது சட்டத்தில் சொந்தக்காரரிடமிருந்து எடுப்பது அல்ல, வைத்திருப்பவரிடமிருந்து எடுப்பது. பழைய தண்டனைச் சட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஒரு கடிகார உதாரணம் உண்டு. ரிப்பேருக்குக் கொடுத்த கடிகாரத்தைக் கூலி பாக்கிக்காகக் கடைக்காரர் சட்டப்படி வைத்திருக்கும்போது, அந்தப் பிடிப்பைப் பறிக்கும் எண்ணத்தோடு சொந்தக்காரரே எடுத்துப்போனால் அது திருட்டு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 303-இல் அதே உதாரணம் தொடர்கிறது. பிரிவு 305 இன்னும் மோசம். சரக்கு ஏற்றும் வாகனத்தைத் திருடுவதைத் தனியாகச் சொல்லி, 7 ஆண்டு வரை சிறை என்று வைத்திருக்கிறது. உங்கள் குட்டியானை சரக்கு வாகனம்தானே?

கூலி பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-இல் இருக்கிறது. இதில் உங்களுக்குச் சாதகமான இடங்களும் உண்டு. பழைய பத்தாயிரத்துக்கு அவரே தவணை கொடுத்து வண்டியை விட்டுவிட்டார். கடன் சொல்லிக் கொடுத்த கூலிக்குப் பொருளைப் பிடித்துவைக்க முடியாது என்று அந்தப் பிரிவே தையல்காரர் உதாரணத்தோடு சொல்கிறது. வாட்ஸ்அப் செய்தியைப் பத்திரமாக வையுங்கள். வாடகை 4,600 வேலைக்கான கூலியே அல்ல. முன்கூட்டிப் பேசாத அந்தத் தொகைக்காக வண்டியைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் நிற்காது. மிஞ்சுவது 11,400. "பார்த்துப் போடுங்க" என்று நீங்கள் சொன்னதால் அதில் ஏதோ ஒரு பங்குக்காவது அவர் வண்டியைப் பிடித்துவைக்கலாம் என்பதே என் கருத்து. "அவர் செய்த வேலை கெட்டதால் வந்த செலவு, நான் ஏன் தர வேண்டும்" என்று வாதாடலாம். நல்ல வாதம்தான். ஆனால் ராத்திரி வண்டியை எடுத்துவிட்டால் அந்த வாதத்தை நீங்கள் கூண்டில் நின்றுகொண்டு, இரண்டு மூன்று வருடம் கழித்துச் செய்ய வேண்டியிருக்கும்.

மச்சானையும் நினைத்துப் பாருங்கள். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போகிற ஊர்கள் இருக்கிற மாவட்டம் இது. ஆள் சேர்ப்பில் போலீஸ் சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்களோடு கேட்டைத் தாண்டினால் அவன் இரண்டாவது குற்றவாளி. எஃப்.ஐ.ஆர். எண்ணோடு எந்தத் தேர்வுக்குப் போய் நிற்பான்? அவன் ஆசைப்பட்டுச் சொல்லலாம். தடுக்க வேண்டியது நீங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம். உங்கள் ஒரே பலமான சாட்சியம் அந்த இரண்டு ஷாக். வண்டியைத் திருட்டுத்தனமாக எடுத்தால், "வெளியே கொண்டுபோய் இவரே பழசை மாட்டிக்கொண்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வண்டி எங்கெங்கே, யார் கையில் இருந்தது என்பதில் ஓட்டை விழுந்தால் ஷாக் கதை முடிந்தது.

அதனால் செய்ய வேண்டியது இது. பட்டப்பகலில், பட்டறை திறந்திருக்கும்போது போய் வண்டியைப் பாருங்கள். சொந்தக்காரர் பார்க்கப் போவது குற்றமில்லை. சண்டை போடாமல், ஷாக் என்ற வார்த்தையே எடுக்காமல், நாலு சக்கரத்துக்கு உள்பக்கமும் போனில் படமும் வீடியோவும் எடுங்கள். நம்பர் பிளேட்டிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் எடுத்தால் நல்லது. கழற்றிய பழைய பிளேட்டைக் கேளுங்கள், கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் படம் கைக்கு வருவதற்கு முன்னால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். நோட்டீஸில் ஷாக் பற்றி எழுதினால் மறுநாளே மாற்றிவிடுவார்கள். புது ஷாக் கிடைக்கும், பேரம் பேசும் பலம் போய்விடும்.

படங்களைப் பார்த்தபின் ஷாக் புதுசுதான் என்று தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள், சந்தேகத்தை வைத்துக் குற்றம் சொல்லாதீர்கள். பழசு என்று உறுதியானால், இரண்டு பக்கமும் மதிக்கிற ஒரு பெரியவரை வைத்துப் பேசி முடியுங்கள். இது என் வெளிப்படையான கருத்து. வழக்குப் போட வேண்டாம், சமரசம் செய்யுங்கள். கணக்கு இப்படி வரும்: பழைய பாக்கி 10,000-இல் இரண்டு ஷாக்குக்கான 4,800 கழிந்தால் 5,200. இரண்டாவது கிளட்ச்சில் ஆளுக்குப் பாதி என்றால் உங்கள் பங்கு 5,700. வாடகை தள்ளுபடி. மொத்தம் 10,900. பதினோராயிரத்தை ஒட்டி முடிந்தால் தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை. 23 நாள் ஓடாத வண்டிக்கு நீங்கள் இழந்தது அதைவிட அதிகம். கடனில் எடுத்த வண்டியென்றால் தவணையும் நிற்காது. "இருவருக்கும் இடையில் இனிப் பாக்கி இல்லை" என்றும், புதுக் கிளட்ச்சுக்கு 3 மாதம் உத்தரவாதம் என்றும் வண்டி எண் போட்டு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

பேசியும் மசியவில்லையென்றால், கேட்ட தொகையை "உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டு, வங்கி வழியாகக் கட்டி வண்டியை எடுங்கள். கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். எடுத்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல், லைசென்ஸ் உள்ள ஒரு இன்சூரன்ஸ் சர்வேயரிடம் காட்டி அறிக்கை வாங்குங்கள். அப்புறம் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடம் அவகாசம் இருக்கிறது, இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் இல்லை. அங்கே ஷாக்கை முதலில் வையுங்கள், கிளட்ச்சைப் பின்னால் வையுங்கள். பணம் புரட்ட முடியாவிட்டால் வண்டியை விடுவிக்கச் சொல்லி ஆணையத்திலேயே இடைக்கால உத்தரவு கேட்கலாம், ஆனால் அதற்கும் நாள் ஆகும்.

ஸ்பேர் சாவியை இன்றைக்கே மச்சான் கண்ணில் படாத இடத்தில் பூட்டி வையுங்கள்.