பிஜி மாடும் மொரீஷியஸ் மாடும்

கேள்வி: கல்லூரிக் கட்டுரைக்காக மொரீஷியஸ், பிஜி இரண்டின் வேளாண் பசுங்குடில் வாயுக்களை (புவியைச் சூடாக்கும் வாயுக்களை) ஒப்பிட்டேன். பிஜியின் எண் மிகப் பெரியதாக இருக்கிறது. இரண்டும் கரும்புத் தீவுகள்தானே? மொரீஷியஸ் விவசாயமே தூய்மையானது என்று எழுதிவிடலாமா?
— மாணவி, தஞ்சாவூர்

பதில்: எழுதாதீர்கள், அம்மா. மண் வேதியியல் படித்தவள் என்ற உரிமையில் இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

பிஜியின் நிலப்பரப்பு ஏறத்தாழ 18,270 சதுர கிலோமீட்டர். மொரீஷியஸ் சுமார் 2,040. ஒன்பதில் ஒரு பங்குதான். மக்கள்தொகையோ மொரீஷியஸில்தான் அதிகம்: அங்கே 12 லட்சத்துக்கு மேல், பிஜியில் 9 லட்சம் அளவில். ஆகவே மொத்த எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே விளங்காது.

பிஜியின் கணக்கில் பெரும்பங்கு மாட்டுடையது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் புல் நொதிக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது. பிஜியில் இறைச்சிக்கும் பாலுக்கும் மாடு வளர்க்கிறார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்ட நாடு அது. அவர்களின் வழிவந்தோர் பலர் 10 ஏக்கர் அளவிலான குத்தகைத் துண்டுகளில் கரும்பு பயிரிட்டு, உழவு மாடும் வைத்திருந்தார்கள். அந்த மாட்டின் மீத்தேனைப் பழியாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மொரீஷியஸில் மாடு மிகக் குறைவு. ஆனால் அங்குள்ளவர்கள் தேநீரில் பால் சேர்க்காமலா குடிக்கிறார்கள்? பால்மாவும் மாட்டிறைச்சியும் பெரும்பாலும் கப்பலில் வருகின்றன. நியூசிலாந்துப் பசு விட்ட மீத்தேன் நியூசிலாந்தின் கணக்கில் ஏறும். பால் மட்டும் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் கடைக்கு வந்துவிடும். நாட்டு எல்லைக்குள் வெளியானதை மட்டும் எண்ணுவதே ஐ.நா. பருவநிலை ஒப்பந்தத்தின் முறை. உங்கள் கட்டுரையில் இது ஒரு முழுப் பத்தியாக வரவேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். சொந்த அளவீடு இல்லாத நாடுகள் ஐபிசிசி என்ற ஐ.நா. பருவநிலை அறிவியல் குழுவின் வழிகாட்டியிலுள்ள பொது எண்களை எடுத்துக்கொள்கின்றன. 2006 வழிகாட்டியில் பால் தராத ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவு மீத்தேன் என்று பகுதிவாரியாக ஓர் அட்டவணை உண்டு. ஓசியானியா வரிசையில் 60 கிலோ, ஆப்பிரிக்கா வரிசையில் 31 கிலோ. பிஜி முதல் வரிசையில் விழும், மொரீஷியஸ் இரண்டாவதில். ஒரே எடையுள்ள, ஒரே மாதிரிப் புல் மேயும் இரண்டு மாடுகள் காகிதத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபட்டுவிடும்! மாட்டின் எண்ணிக்கையால் வந்த வித்தியாசம் எவ்வளவு, அட்டவணையால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத ஒப்பீட்டை நான் ஏற்கமாட்டேன். மீத்தேனைக் கரியமில வாயுவுக்குச் சமமாக மாற்றும் பெருக்கெண்ணும் பழைய அறிக்கைகளில் 21, பிறகு 25, அதன்பின் 28 என மாறியிருக்கிறது. இரு நாட்டுக்கும் ஒரே எண்ணை எடுத்தீர்களா என்று சரிபாருங்கள்.

மொரீஷியஸின் சுமை உரத்தில் இருக்கிறது. நிலத்தில் இட்ட தழைச்சத்தில் (நைட்ரஜனில்) 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுங்குடில் வாயுவாக நேரடியாக வெளியேறும் என்பது அதே வழிகாட்டியின் கணக்கு. 100 கிலோ தழைச்சத்தில் அந்த 1 கிலோ, ஆக்சிஜனின் எடையும் சேர்ந்து, சுமார் 1.57 கிலோ வாயுவாகும். நைட்ரஸ் ஆக்சைடின் பெருக்கெண் 265 என்று கொண்டால், அது 416 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். எனவே ஹெக்டேருக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கரும்பை எரித்தால் வரும் கரியமில வாயு, நாடுகளின் வாயுக் கணக்குப் பட்டியலில் ஏன் இல்லை?
— வாசகர், கோவை

பதில்: அடுத்த பயிர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சேர்ப்பதில்லை. எரியும்போது வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் சேரும். பிஜியில் வெட்டுக்கூலிக்கு ஆள் கிடைக்காதபோது, வெட்ட எளிதாக இருக்கட்டும் என்று வயலுக்குத் தீ வைக்கிறார்கள். தோகை மண்ணுக்குப் போகாமல் சாம்பலாகிவிடுகிறது. எரிந்த கரும்பு ஆலைக்குத் தாமதமாகப் போனால் சர்க்கரையும் குறையும். எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் வழக்கம்.

மொரீஷியஸ் ஆலைகள் சக்கையை எரித்து நாட்டின் மின்தொகுப்புக்கே மின்சாரம் தருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நன்மை எரிசக்தித் துறையின் கணக்கில் சேரும், வேளாண்மையின் பெயரில் வராது. அரவை இல்லாத மாதங்களில் அதே நிலையங்களில் சில நிலக்கரியை எரிப்பதையும் மறக்கக்கூடாது.

கேள்வி: மொரீஷியஸில் மான் வளர்க்கிறார்களாமே, அதுவும் கணக்கில் வருமா?
— வாசகி, காரைக்கால்

பதில்: வரும். 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மான்களின் வழித்தோன்றல்கள் அவை. இன்று இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படுகின்றன. மானும் அசைபோடும் விலங்குதான். 2006 வழிகாட்டி ஒரு மானுக்கு ஆண்டுக்கு 20 கிலோ மீத்தேன் வைக்கிறது. தஞ்சாவூர் மாணவி தன் பட்டியலில் மாடு, ஆடு, பன்றியோடு நிறுத்தியிருந்தால், மானுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.