புல் வெட்டவா அமெரிக்கா போனாய்?

ஐயா,

வேளாண்மைப் பட்டம் முடித்துவிட்டு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பராமரிப்புப் பயிற்சியாளனாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மண்ணியலும் பயிர் நோயியலும் படித்தவன் கையில் ரேக்கைக் கொடுத்து, மணற்குழிகளைச் சமன்செய்யச் சொல்கிறார்கள். தினமும் அதே வேலை. ஊரிலிருந்து அப்பா, "புல் வெட்டவா அமெரிக்கா போனாய்?" என்று கேட்கிறார். நீங்களும் அங்கே இப்படித் தொடங்கியவர் என்று எழுதியிருந்தீர்கள். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

புல் வெட்டும் வண்டியை இன்னும் உங்களிடம் கொடுக்கவில்லை அல்லவா? நல்லது. எனக்குச் சீக்கிரமே கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் மாதமே வண்டி கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. ஹைட்ராலிக் குழாய் ஒன்று கசிந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் மூன்று கிரீன்களை, அதாவது பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைக்கும் புல்தரைகளை, வெட்டி முடித்தேன். சீக்கிரமே பச்சையின் நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் புல் கருகிவிட்டது. அந்தக் கோடுகள் மறையும்வரை நான் அந்தப் பக்கம் தலைநிமிர்ந்து நடக்கவில்லை.

ரேக்கோடு நடப்பவனுக்குத் திரும்பிப் பார்க்க நேரம் இருக்கிறது. மழைக்கு மறுநாள் எந்த மணற்குழியில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். அடியில் வடிகால் எங்கே அடைத்திருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். விடியற்காலைப் பனியில் புல்மேல் வெள்ளையாக நூலாம்படைபோல் ஏதாவது தெரிந்தால் குனிந்து பாருங்கள். பாதி நாள் அது சிலந்தி வலைதான். மீதி நாள் பூஞ்சணம். வெயில் ஏறிப் பனி காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பத்து மணிக்கு வருகிற நிபுணருக்கு இது கிடைக்காது.

அடுத்து, பந்து விழும் குழியைக் கிரீனிலேயே வேறிடத்துக்கு மாற்றும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். கப் கட்டர் என்னும் குழி வெட்டும் கருவியைக் கிரீனில் செங்குத்தாக இறக்கித் திருகித் தூக்கினால், 108 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மண்ணுருளை வரும். அதைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் அடைக்க வேண்டும். இம்மி மேடாக இருந்தால் காலையில் வரும் வெட்டுவண்டி அதன் தலையைச் சீவிவிடும், பள்ளமாக இருந்தால் பந்து விலகி ஓடும். அதனால் எல்லோரும் மட்டத்தை மட்டும் கவனித்து அடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் அடைப்பதற்கு முன் அரை நிமிடம் அந்த உருளையைப் பாருங்கள். வேர் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது, மக்காத சருகு எவ்வளவு தடிமன், ஈரம் எங்கே நின்றுவிட்டது என்று எல்லாம் தெரியும். மூக்கருகே கொண்டுபோங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அடியில் காற்றில்லை என்று பொருள். கல்லூரியில் ஒரு மண் வெட்டுமுகம் பார்க்க நாம் எவ்வளவு குழி தோண்டினோம்! இங்கே 18 குழிகளுக்கு 18 வெட்டுமுகம், சம்பளத்தோடு.

அப்பாவுக்கு வருகிறேன். ஃபேர்வேயில், அதாவது கிரீனுக்குப் போகும் வழியிலுள்ள நீண்ட புல்வெளியில், ஓடும் புல்தண்டு ஒன்றைப் படமெடுத்து அனுப்பி, என்ன புல் என்று கேளுங்கள். உங்கள் மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் இருந்த ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் 1960இல் வெளியிட்ட 'டிஃப்வே' ரகம், நம் அருகம்புல்லும் ஆப்பிரிக்க அருகு இனம் ஒன்றும் கலந்து பிறந்தது. தென் மாநில மைதானங்களில் அதுவோ அதன் உறவுகளோதான் பரவிக் கிடக்கின்றன. விதை பிடிக்காது, தண்டுத் துண்டாகத்தான் நட வேண்டும். "அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்திவிட்டு, மறுநாளே வரப்பில் அதைக் களைக்கொட்டால் கொத்திப்போடுகிற வீட்டிலிருந்துதானே நாமெல்லாம் வந்தோம்? உங்கள் அப்பா கட்டாயம் சிரிப்பார். பிறகு, கோரையும் கூடவே வருகிறதா என்று கேட்பார். கேட்டால் விவரமாகப் பதில் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்த விஷயம் அது.

உடன் வேலை செய்பவர்கள் மெக்சிகோக்காரர்களாக இருந்தால் பத்து ஸ்பானிஷ் சொற்களாவது படித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கப் கட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு ஆங்கிலம் தெரியாது.

பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்குங்கள். முந்தின நாள் பனியில் நனைந்தது மறுநாள் ஐந்து மணிக்குள் காயாது.

அன்புடன்.